நெருங்கிய உறவில் ஒரு பெண்

சென்ற வாரம் எங்களுக்குப் பழக்கமான ஒரு வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “நல்லா ஓதிப் பார்க்கிற ஹஜ்ரத் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க தம்பி” என்று கேட்டார்கள். மார்க்கம் கற்றவரை எங்களில் ஹஜ்ரத் என்பார்கள்; குர்ஆன் வசனங்களை ஓதி ஊதிக் குணம் வேண்டுவதுதான் ஓதிப் பார்ப்பது. அவர்களுடைய மகனுக்கு இரண்டு மாதங்களாகத் தூக்கம் இல்லை. தனியே பேசுகிறான், சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான், சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது செய்வினை என்றும் அதோடு கண்ணுக்குத் தெரியாத படைப்பான ஜின்னின் தீண்டலும் சேர்ந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டாராம். அவர் கேட்கும் தொகை கட்டுப்படியாகாததால் வேறு ஆள் தேடுகிறார்கள். நான் ஒரு மனநல மருத்துவரின் பெயரையும் அவர் இருக்கும் நேரத்தையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அந்த அம்மா, “நீங்க தொழுகிற பிள்ளை, நீங்களே இப்படிச் சொல்லலாமா? ஜின் இருக்குன்னு குர்ஆன்லயே இருக்குதே” என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. தொலைபேசியில் என்னால் கோவையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். ஜின் என்ற படைப்பு உண்டு என்று நானும் நம்புகிறேன். குர்ஆனின் 72ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே அல்ஜின். மனிதனைக் களிமண்ணிலிருந்தும் ஜின்னைப் புகையற்ற நெருப்பிலிருந்தும் இறைவன் படைத்ததாக 55ஆவது அத்தியாயம் சொல்கிறது. இரு சாராரையும் தன்னை வணங்குவதற்காகவே படைத்ததாக 51:56 வசனம் சொல்கிறது. சூனியத்தைப் பொறுத்தவரை, மனிதனை அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, இணைவைத்தலுக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொன்னார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஜின்னால் வந்தது, இதை வைத்தவர் இன்னார் என்று சொல்லும் அதிகாரத்தை அந்த மனிதருக்கு யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எங்கள் குடும்பம் பதினொரு ஆண்டுகளை இழந்திருக்கிறது.

2003இல் நாங்கள் மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். தங்கைக்கு அப்போது 14 வயது. சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், திடீரென்று கை பாதி வழியில் நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். வாயில் ஒன்றுமே இல்லாதபோதும் உதடுகள் மென்றுகொண்டிருக்கும். கரகரத்த குரலில், தொடர்பில்லாத இரண்டு மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். ஒன்றிரண்டு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகும் பத்து நிமிடம் வரை எங்களை யாரென்று தெரியாமல் பார்ப்பாள், பிறகு அழுவாள். சில இரவுகளில் பாயிலேயே கை கால் வெட்டி இழுத்தது. அக்கம்பக்கத்தார் சாவிக்கொத்தோடு ஓடிவந்து அவள் கையில் திணிப்பார்கள். ஒவ்வொரு முறையும் வருவதற்கு முன்பு ரப்பர் கருகும் வாடை அடிப்பதாக அவள் சொல்வாள். எங்களில் வேறு யாருக்கும் அந்த வாடை வந்ததில்லை. “அந்தி மயங்குற மக்ரிப் நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில நின்னா வேற என்ன வரும்” என்று எங்கள் பாட்டியான நன்னி சொன்னார். அந்தக் குரல் எங்கள் பிள்ளையின் குரலாகவே இல்லை என்பதுதான் அம்மாவை உலுக்கியது.

வட சென்னையில் ஒரு வீட்டின் முன்னறையில் ஒருவர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனோம். சுவரில் மக்காவின் படம், மேசையில் ஊதுபத்தி, தரையில் வரிசையாக அமர்ந்திருந்த இருபது பேர். அவர் பிள்ளையின் பெயரையும் பெற்ற தாயின் பெயரையும் கேட்டார். தந்தையான அத்தாவின் பெயரைக் கேட்கவில்லை. இரண்டு பெயர்களையும் அரபியில் எழுதி, அப்ஜத் கணக்குப்படி அலிஃபுக்கு 1, பேவுக்கு 2, ஜீமுக்கு 3 என்று எண்களைப் போட்டுக் கூட்டி, ஏதோ ஓர் எண்ணால் வகுத்தார். அந்தப் பென்சில் நகர்வதையே நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தலையை உயர்த்தாமலே, “சொத்து விஷயமா உறவுல ஏதும் மனத்தாங்கல் உண்டா?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். “நெருங்கிய உறவுல ஒரு பெண். ரத்த உறவு இல்லை, கட்டிக்கிட்டு வந்த உறவு. உங்களுக்கு மூத்தவங்க.” அவ்வளவுதான் அவர் சொன்னது, பெயரைச் சொல்லவே இல்லை. அந்தப் பெயரை அம்மா தன் வாயால் சொன்னார்.

இன்று யோசித்துப் பார்க்கையில், பங்கு பிரிக்காத பூர்வீக வீடு இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் அத்தாவுக்கும் அவர் அண்ணன் பெரியத்தாவுக்கும் பொதுவாக ஒரு வீடு இருந்தது. அதைப் பற்றி முந்திய ஆண்டு ஒரு நிக்காஹ் வீட்டில் பேச்சு வந்து, பெரியம்மா கொஞ்சம் உரத்துப் பேசிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த முன்னறையிலிருந்து வெளியே வரும்போது, அந்த உரத்த பேச்சு அம்மாவின் மனத்தில் சாட்சியாக மாறியிருந்தது. நோன்புக்கு அவர் அனுப்பிய கஞ்சி, தங்கைக்குப் பெருநாளுக்கு எடுத்துத் தந்த பாவாடைத் துணி, ஒருமுறை அவள் தலையைக் கோதிவிட்டுச் ‘சடை எவ்வளவு நீளம்’ என்று வியந்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் புதிய பொருள் கிடைத்தது. பெரியம்மா இருந்தது ராயபுரத்தில். மண்ணடியிலிருந்து ராயபுரத்துக்குப் பேருந்தில் பத்து நிமிடம் ஆகுமா? அந்தப் பத்து நிமிடத் தூரத்தை 2014 வரை நாங்கள் யாரும் கடக்கவில்லை.

தாயத்து வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது, ஊர் வீட்டு முருங்கை மரத்தடியில் புதைத்திருப்பதை எடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகை வந்தது. அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. எதுவும் நிற்காதபோது, ஒரு தர்காவில் 41 நாள் தங்கவைத்தால் ஜின் ‘பேசும்’ என்றார் அவர். அத்தா வாழ்க்கையில் அவரை எதிர்த்துச் சொன்ன ஒரே சொல் அப்போதுதான் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், தர்காவுக்குப் பேர்பெற்ற ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் கருகி இறந்துபோயிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்து விசாரித்த செய்தியை அத்தா நாளிதழில் தொடர்ந்து படித்துவந்தார். “என் பிள்ளைய எங்கயும் விட்டுட்டு வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு ஏர்வாடிக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் ஆயின.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சூனியத்தைப் பற்றிக் குர்ஆன் மிக விரிவாகப் பேசும் இடம் இரண்டாம் அத்தியாயத்தின் 102ஆவது வசனம். சுலைமான் நபி சூனியத்தால்தான் ஆட்சி நடத்தினார் என்ற பேச்சை அது மறுக்கிறது. சுலைமான் இறைமறுப்பாளராக இருக்கவில்லை, மக்களுக்குச் சூனியத்தைக் கற்றுக்கொடுத்த ஷைத்தான்களே மறுப்பாளர்கள் என்கிறது. பாபில் நகரத்தில் இருந்த ஹாரூத், மாரூத் என்ற வானவர்கள் இருவரும் ‘நாங்கள் ஒரு சோதனை, நீ மறுப்பில் விழுந்துவிடாதே’ என்று எச்சரிக்காமல் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை என்கிறது. அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் செய்தது என்ன? கணவனையும் மனைவியையும் பிரிப்பதற்கானதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றும், அல்லாஹ்வின் அனுமதியின்றி அவர்களால் யாருக்கும் தீங்கு செய்ய முடியாது என்றும் அந்த வசனம் தொடர்கிறது. சூனியத்தின் விளைவென்று அந்த வசனம் எடுத்துக்காட்டும் ஒரே செயல் பிரிப்பது. சேர்ந்திருந்த இருவரைப் பிரிப்பது. அந்த முன்னறையில் பென்சிலைப் பிடித்திருந்தவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்தது அதே செயல் என்பது எனக்கு உறைத்தபோது எனக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. செய்வினை எடுக்கப் போன இடத்தில்தான் எங்களுக்குச் செய்வினை வைக்கப்பட்டது என்று இதை நான் மனமறிந்தே எழுதுகிறேன்.

மறைவானதை ஜின்கள் அறியும், ஜின்னை வசப்படுத்தியவர் அவற்றிடம் கேட்டுச் சொல்வார் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. குர்ஆன் அந்த வேரையே அறுத்துவிடுகிறது. 34:14 வசனத்தில் சுலைமான் நபியின் மரணம் சொல்லப்படுகிறது. அவர் தம் கைத்தடியில் சாய்ந்து நின்றபடியே இறந்துபோகிறார். அவர் உயிரோடு மேற்பார்வை செய்துகொண்டிருப்பதாக எண்ணி, அவருக்குக் கட்டுப்பட்ட ஜின்கள் கடும் உழைப்பைத் தொடர்கின்றன. மண்ணில் ஊரும் ஒரு சிறு பூச்சி அந்தத் தடியை அரித்து, உடல் கீழே சாய்ந்த பிறகுதான் அவற்றுக்கு விஷயம் தெரிகிறது. மறைவானதைத் தாங்கள் அறிந்திருந்தால் இந்த இழிவான வேதனையில் கிடந்திருக்க மாட்டோமே என்று அப்போது ஜின்கள் உணர்ந்தன என்று வசனம் முடிகிறது. கண்ணெதிரே நிற்கும் எசமானர் இறந்துவிட்டதை அறியாத படைப்பு, முருங்கை மரத்தடியில் புதைந்திருப்பதை அறிந்து ராயபுரத்துப் பெண்ணை அடையாளம் காட்டுமா? வானங்களிலும் பூமியிலும் மறைவானதை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள் என்று 27:65 பொதுவாகவே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் குறி சொல்பவர் சொல்வது சில வேளைகளில் பலிக்கிறதே என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே மக்கள் கேட்டிருக்கிறார்கள். நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸில், குறிகாரர்கள் ஒரு பொருட்டே அல்ல என்று நபியவர்கள் சொன்னபோது, அவர்கள் சொல்வது சில சமயம் உண்மையாகிவிடுகிறதே என்று கேட்கிறார்கள். ஒட்டுக்கேட்ட ஓர் உண்மைச் சொல்லை ஜின் தன் கூட்டாளியின் காதில் கோழி கொக்கரிப்பதைப் போலப் போடும், அவர்கள் அதோடு நூறு பொய்களுக்கு மேல் கலந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. எங்கள் விஷயத்தில் அந்த ஓர் உண்மைச் சொல் வானத்திலிருந்து கூட வரவில்லை. அம்மாவின் தலையசைப்பிலிருந்து வந்தது. குறிகாரரிடம் போய் ஒரு விஷயத்தைக் கேட்டவரின் தொழுகை நாற்பது நாள்கள் ஏற்கப்படாது என்று முஸ்லிம் நூலில் வருகிறது. அவர் சொன்னதை நம்பினால் முஹம்மதுக்கு அருளப்பட்டதையே மறுத்தவராவார் என்று மற்றொரு ஹதீஸ் தொகுப்பான அபூதாவூதில் வருகிறது. இவ்வளவு கடுமையான எச்சரிக்கை ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. கிளி ஜோசியக்காரரின் முன்பு நின்று சீட்டு எடுக்கச் சொல்வதும், குறி பார்க்கும் நூலான பால் கிதாபைத் திறந்து பார்ப்பதும் பொழுதுபோக்குத்தானே என்று நினைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நபி (ஸல்) அவர்களுக்கே சூனியம் வைக்கப்பட்டதாகப் புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. லபீத் இப்னு அஃஸம் என்பவர் சீப்பையும், சீப்பில் சிக்கிய முடியையும் பேரீச்சம்பாளையின் உறைக்குள் வைத்து தர்வான் கிணற்றில் போட்டதாகவும், அதன் விளைவாக நபியவர்களுக்குத் தாம் செய்யாத சிலவற்றைச் செய்ததுபோல் தோன்றியதாகவும் அது சொல்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கிறார்கள். அந்தப் பாதிப்பு உடலளவில் நின்றது, இறைச்செய்தியைத் தொடவில்லை என்று விளக்கம் தருகிறார்கள். பத்தாம் நூற்றாண்டின் ஹனஃபி அறிஞர் ஜஸ்ஸாஸும், எகிப்தின் முஹம்மது அப்துஹுவும் இதை ஏற்க மறுத்தார்கள். சூனியம் கண்கட்டு மட்டுமே என்பது, பகுத்தறிவை முன்வைத்த சிந்தனைப் பிரிவினரான முஃதஸிலாக்களின் பழைய நிலைப்பாடு; மூசா நபியின் முன்பு சூனியக்காரர்கள் மக்களின் கண்களை மயக்கினார்கள் என்ற 7:116 வசனம் அவர்களுக்கு ஆதாரம். தமிழ்நாட்டிலும் ஏகத்துவத்தை வலியுறுத்தும் தவ்ஹீத் அமைப்புகளுக்கிடையே இந்த ஹதீஸைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. இரு தரப்பின் மேடைப் பேச்சுகளையும் நான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அந்த வாதத்தைத் தீர்த்துவைக்கும் கல்வி எனக்கு இல்லை. ஆனால் அந்த ஹதீஸின் கடைசிப் பகுதியை இரு தரப்பாருமே போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

யார் செய்தது, எதில் செய்தது, எங்கே போட்டது என்பதெல்லாம் நபியவர்களுக்கு இறைவனால் அறிவிக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று ஆயிஷா (ரலி) கேட்கிறார்கள். “அல்லாஹ் எனக்குக் குணமளித்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளப்பிவிடுவதை நான் வெறுத்தேன்” என்பது நபியவர்களின் பதில். கிணற்றை மூடிவிடச் சொல்கிறார்கள். லபீதைத் தண்டித்ததாக அந்த ஹதீஸில் இல்லை. வஹீ என்ற இறைச்செய்தியின் வழியாகப் பெயர் தெரிந்தவரே அந்தப் பெயரைப் பரப்பி ஊரைக் கலக்க விரும்பவில்லை என்றால், வஹீயும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டுபவர் யாருடைய வழியில் நடக்கிறார்? சூனியக்காரருக்கு என்ன தண்டனை என்று ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் கடுமையான சட்டங்கள் இருப்பது உண்மைதான். அவை நீதிபதியின் முன்பு ஒப்புதலோ சாட்சியமோ இருந்து நிரூபணமான குற்றத்துக்கு எழுதப்பட்டவை. முன்னறையில் பென்சிலால் வகுத்து வரும் மீதிக்கு எழுதப்பட்டவை அல்ல.

ஜின் மனித உடலுக்குள் புகுமா என்பதிலும் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. வட்டி உண்போர் ஷைத்தான் தீண்டிப் பித்துப் பிடித்தவரைப் போல எழுவார்கள் என்ற 2:275 வசனத்தை வைத்துப் புகும் என்று சொன்னவர்களே அதிகம். இப்னு தைமிய்யா இதில் அழுத்தமாக நின்றார். தீண்டல் உண்டு, ஆனால் ஜின் மனிதனின் நாவால் பேசும் என்பது கட்டுக்கதை என்று ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் மறுத்தார். புகும் என்று ஏற்ற இப்னு கய்யிமும் வலிப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு வகை தீய உயிர்களால் வருவது, மற்றொரு வகை உடலின் கோளாறால் வருவது, அது மருத்துவர்களின் துறை என்று எழுதினார். ஆக, புகும் என்றே நம்புகிறவரும் எல்லா வலிப்பையும் ஜின்னின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இதில் என்னை மிகவும் பாதித்தது, அந்த மனிதர் எங்களுக்குச் சொல்லிக்காட்டிய ஹதீஸ். “ஷைத்தான் மனிதனின் ரத்தம் ஓடும் இடங்களில் எல்லாம் ஓடுகிறான்னு ரசூலுல்லாவே சொல்லியிருக்காங்க, உங்க பிள்ளை ரத்தத்துல ஓடுது” என்றார் அவர். நாங்கள் அதை அப்படியே நம்பினோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலில் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் நடக்கும் வகுப்பில் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) அந்த ஹதீஸை முழுவதுமாகப் படித்தபோதுதான் அது எங்கே, எதற்காகச் சொல்லப்பட்டது என்று தெரிந்துகொண்டேன். நபியவர்கள் பள்ளிவாசலில் தனித்துத் தங்கி வணங்கும் இஃதிகாஃபில் இருக்கிறார்கள். அவர்களின் மனைவி ஸஃபிய்யா (ரலி) இரவில் பார்க்க வருகிறார். அவரை வழியனுப்ப நபியவர்கள் எழுந்து நடக்கும்போது, மதீனாவாசிகளான அன்ஸாரிகள் இருவர் இதைப் பார்த்து விரைந்து நடக்கிறார்கள். “நில்லுங்கள், இவர் ஸஃபிய்யாதான்” என்கிறார்கள் நபியவர்கள். அவ்விருவரும் பதறி, “சுப்ஹானல்லாஹ்” என்கிறார்கள். அப்போது சொன்ன வார்த்தைதான் இது: ஷைத்தான் மனிதனில் ரத்தத்தைப் போல ஓடுகிறான், அவன் உங்கள் உள்ளங்களில் ஏதேனும் தவறான எண்ணத்தைப் போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன்.

அந்த ஹதீஸில் வலிப்பு இல்லை, கரகரத்த குரல் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி மற்றவர் மனத்தில் எழக்கூடிய சந்தேகம் இருக்கிறது. ஷைத்தான் ரத்தத்தில் ஓடுவது அந்தச் சந்தேகமாகத்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னபடி எங்கள் வீட்டில் ரத்தத்தில் ஓடியது உண்மைதான். ஆனால் அது தங்கையின் ரத்தத்தில் அல்ல, எங்களுடைய ரத்தத்தில். சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள், சில சந்தேகங்கள் பாவமானவை என்று 49:12 சொல்கிறது. உறவைத் துண்டிப்பவர் சொர்க்கத்தில் நுழையமாட்டார் என்ற ஹதீஸை நாங்கள் அனைவருமே மதரஸாவில் மனப்பாடம் செய்திருந்தோம்.

தங்கைக்கு வழி பிறந்தது 2006இல், நாங்கள் தேடிப் போகாத விதத்தில். பிராட்வே பேருந்து நிலையத்தில் அவளுக்கு வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஆட்டோவில் ஏற்றி, சென்ட்ரல் எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நரம்பியல் பிரிவில் இருந்த மருத்துவர் தங்கையிடம் ஒரே ஒரு விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டார்: வருவதற்கு முன்னால் என்ன ஆகிறது? ரப்பர் வாடையைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். காதுக்கு உள்பக்கமாக இருக்கும் மூளைப்பகுதியில் தொடங்கும் வலிப்பில் இல்லாத வாடை வரும், காரணமில்லாமல் பயம் வரும், உதடு மெல்லும், தொடர்பில்லாமல் பேச்சு வரும். எல்லா ஃபிட்ஸிலும் கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை என்று விளக்கினார். மூளையின் மின்செயல்பாட்டைப் பதியும் ஈஈஜி எடுத்தார்கள். கார்பமசெபைன் மாத்திரையைத் தொடங்கி, ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார்கள். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் அது மிகவும் குறைந்தது, ஓராண்டில் நின்றேவிட்டது. மூன்று ஆண்டுப் படிப்பு போனது போனதுதான்.

வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண் நபியவர்களிடம் வந்த ஹதீஸை இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வலிப்பு வருகிறது, அப்போது என் ஆடை விலகிவிடுகிறது, எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்கிறார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமாகப் பிரார்த்திக்கிறேன் என்கிறார்கள் நபியவர்கள். பொறுத்துக்கொள்கிறேன், ஆடை மட்டும் விலகாதிருக்கப் பிரார்த்தியுங்கள் என்கிறார் அந்தப் பெண், அப்படியே பிரார்த்திக்கிறார்கள். உன் தாயின் பெயர் என்ன, யார் மேல் உனக்குச் சந்தேகம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பதும் அவர்களின் சொல்தான். எகிப்தில் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. இது நம் சமுதாயத்துக்குப் புதிய பாடம் அல்ல.

மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்துத் தங்கை அந்தத் தாயத்தைக் கழற்றினாள். செப்புக் குழாயின் வாயை அரக்கால் அடைத்திருந்தார்கள். கத்தி நுனியால் அரக்கைப் பெயர்த்தபோது சுருட்டிய காகிதம் ஒன்று வந்தது. பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அரபு எண்கள், சுற்றிலும் யாருக்கும் படிக்க வராத பெயர்கள். அது ஜெராக்ஸ் எடுத்த தாள். நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தில் மட்டும் நீலப் பேனாவால் தங்கையின் பெயரை எழுதியிருந்தார்கள். தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார் என்ற ஹதீஸை எனக்கு அன்று யாரும் நினைவூட்டத் தேவைப்படவில்லை. குர்ஆன் வசனத்தை மட்டும் எழுதிக் கட்டலாமா என்பதில் முற்கால அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. ஆனால் அந்தத் தாளில் ஒரு வசனம்கூட இல்லை.

ஓதிப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைவைத்தல் கலக்காதவரை ஓதிப் பார்ப்பதில் குற்றமில்லை என்று நபியவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தேள் கொட்டிய ஒரு கூட்டத்தலைவருக்கு ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதிக் குணமான பிறகு, நபித்தோழர்கள் ஆட்டு மந்தையைக் கூலியாகப் பெற்றதையும் நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதனால் கூலி வாங்குவதையே நான் குறை சொல்ல மாட்டேன். இறைவனின் சொல்லாகவோ பெயராகவோ இருக்க வேண்டும், பொருள் விளங்கும் மொழியில் இருக்க வேண்டும், ஓதுதல் தானாகவே குணமாக்கும் என்று நம்பக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை 15ஆம் நூற்றாண்டின் இப்னு ஹஜர் எடுத்துச் சொல்கிறார். இவற்றுக்குள் நிற்கும் ஓதலில் பென்சிலுக்கும் வேலையில்லை, உறவில் ஒரு பெண்ணுக்கும் வேலையில்லை.

மண்ணடியில் மக்ரிப் தொழுது வெளியே வரும்போது, வாசலில் இரண்டு பக்கமும் தாய்மார்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் பூவும் நெற்றியில் திருநீறுமாக, தோளில் அழுது சோர்ந்த குழந்தையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர் மூட்டை தூக்குபவராக இருந்தாலும் கடை முதலாளியாக இருந்தாலும் குழந்தையை அவர் பக்கம் நீட்டுவார்கள். நானும் ஃபாத்திஹாவையும் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் ஓதி ஊதியிருக்கிறேன். ஒருமுறை ஒரு குழந்தையின் நெற்றி கொதித்தது, ஓதிவிட்டு, “டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?” என்று கேட்டேன். “காட்டிட்டுதான் வந்தேன், இதோ மருந்து” என்று பையைத் திறந்து காட்டினார் அந்தத் தாய். எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகள் எடுத்த அறிவு அந்தப் பெண்ணிடம் இயல்பாகவே இருந்தது.

மின்சார ரயிலில் கதவோரம் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசியம், செய்வினை நீக்கம், பிரிந்தவர் சேர்தல் என்று மதத்துக்கு ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் சட்டம் இருக்கிறது.

எனக்குத் தொலைபேசியில் பேசிய அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். உங்கள் மகனின் தலையில் கை வைத்து நீங்களே ஓதுங்கள். தாயைவிட மனமுருகி ஓத எந்த ஹஜ்ரத்தாலும் முடியாது என்றேன். அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துப் போகலாம், வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கம் இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, நானே கூட வருகிறேன் என்றேன். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்: பார்த்தவர் யார் செய்தது என்று ஏதாவது அடையாளம் சொல்லியிருந்தால், அதை அந்த வாசலோடு விட்டுவிடுங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. திங்கட்கிழமை போகலாம் என்று முடிவாகியிருக்கிறது.

பெரியம்மா வீட்டுக்கு 2014இல் நாங்கள் போனது, பெரியத்தா இறந்த செய்தி கேட்டு. மய்யித்து வீட்டில் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பெரியம்மா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எதற்காக இத்தனை ஆண்டுகள் வரவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். கணவனை இழந்தவர் காத்திருக்கும் இத்தா காலம் முடிந்த பிறகு, தங்கையின் நிக்காஹுக்கு முந்திய இரவு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். இஷா தொழுதுவிட்டு, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, குர்ஆனின் கடைசி மூன்று அத்தியாயங்களான குல் சூராக்களையும் ஓதித் தம் இரு உள்ளங்கைகளிலும் ஊதி, அவள் தலையிலிருந்து முகம், தோள் வரை தடவிவிட்டார். அம்மா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தடவி முடித்த கையை எடுக்காமலே பெரியம்மா கேட்டார்: “ராத்திரி மாத்திரை போட்டியாம்மா?”